நூற்றியொன்றாவது கோது

என் மனைவி துவக்குச் சுடுகிறவள் என்று சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பகிடி இல்லை என்று தெரிந்ததும், "அப்ப நீங்கள் வீட்டில கவனமா இருக்கவேணும்" என்பார்கள். இதைக் குறைந்தது நாற்பது பேர் எனக்குச் சொல்லியிருப்பார்கள். நாற்பத்தோராவது ஆளும் தானே கண்டுபிடித்த பகிடிபோலத்தான் சொல்வார். நானும் சிரித்துவைப்பேன். எனக்குப் பொறுமை குறைவுதான், ஆனால் கலியாண வீட்டில் சண்டை பிடிக்கிற அளவுக்குக் குறைவில்லை.

அவள் துப்பாக்கியால் சுடுவது கடதாசியை. நகரத்துக்கு வடக்கே ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் ஒரு சுடுகளம் வரும். அங்கே பாயில் குப்புறப் படுத்து, அறுநூறு மீற்றருக்கு அப்பால் சட்டத்தில் ஒட்டிய ஒரு கறுப்பு வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவார்கள். கிழமை நாட்களில் அவளுக்கு ஸ்காபரோவில் ஒரு பல் ஆய்வுகூடத்தில் வேலை. பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பல்லின்மேல் போடுகிற மூடிகளைச் செய்கிறாள். மயிரிழை உயர்ந்தாலும் கடிக்கிறவருக்குத் தெரிந்துவிடும் என்பாள். கூட வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒரு சனிக்கிழமை அவளைத் தன் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போனவள் திரும்பி வரும்போது கையில் விண்ணப்பப் படிவத்துடன் வந்தாள்.

துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்கும் அந்தப் படிவத்தில், கூட வாழ்கிறவர் கையெழுத்து வைக்க ஓர் இடம் இருக்கிறது. நான் ஒரு கிழமை அதைத் தொடவில்லை. குசினி மேசையில் உப்புப் போத்தலுக்குக் கீழே கிடந்தது.

"நாங்கள் எதிலயிருந்து ஓடி வந்தனாங்கள் எண்டு மறந்துபோச்சோ உமக்கு?" என்று கடைசியில் கேட்டேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "மறக்கேல்லை. அங்க துவக்கு வைச்சிருந்த ஒருத்தரும் என்னட்டைக் கையெழுத்துக் கேக்கேல்லை. நான் உங்களிட்டைக் கேக்கிறன்."

இப்படிப் பேசுகிற ஒருத்தியோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். கையெழுத்து வைத்தேன்.

இந்த விளையாட்டில் கொஞ்சம் முன்னேறினவர்கள் கடையில் விற்கும் ரவையை, அதாவது தோட்டாவை, அப்படியே சுடுவதில்லை, தங்கள் ரவையைத் தாங்களே செய்வார்கள். ஒரு ரவையில் நான்கு பொருட்கள் உண்டு. முன்னால் போகிற சன்னம், அதைத் தள்ளுகிற வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்கிற சின்னஞ்சிறு மூடி, இவை எல்லாவற்றையும் தாங்குகிற பித்தளைக் கோது. சுட்டால் மற்ற மூன்றும் தீர்ந்துவிடும். கோது மட்டும் உங்கள் பக்கத்தில் விழும். அதை எடுத்துத் துடைத்து, அளவுக்குக் கொண்டுவந்து, திரும்பவும் நிரப்பலாம். பல தடவை நிரப்பலாம், கோது நல்லதாக இருந்தால். அந்த 'இருந்தால்' என்ற சொல்லுக்குள்தான் என் மனைவியின் பாதி வாழ்க்கை போகிறது.

முதல் வருடம் எனக்கு இது ஒன்றும் தெரியாது. மலிவாகக் கிடைத்தது என்று ஒரு துவக்குக் கண்காட்சியில் வாளி நிறையப் பழைய கோதுகளை வாங்கிவந்தேன். ஆளைப் பேசிப் பேசி விலை குறைத்த பெருமையோடு வாளியை நிலக்கீழ் அறைக்கு இறக்கினேன். வெறும் கோது வாங்க அனுமதிப் பத்திரம் தேவையில்லை, என்னைப் போன்ற மடையனும் வாங்கலாம். அவள் தரையில் பழைய பேப்பரை விரித்து வாளியைக் கவிழ்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அடியைப் பார்த்தாள். அடியில் செய்தவர் பெயர் பொறித்திருக்கும். ஐந்தாறு நாட்டுப் பெயர்கள் வந்தன. ஒரே அளவுத் துவக்குக்கு உரியவைதான், ஆனால் ஒன்றின் சுவர் தடிப்பு, இன்னொன்றின் சுவர் மெல்லிசு.

"வெளியில எல்லாம் ஒண்டுதானே?" என்றேன்.

"வெளியில ஒண்டுதான். உள்ளுக்க இடம் வேற வேற. ஒரே அளவு மருந்தைப் போட்டாலும் ஒவ்வொண்டும் ஒவ்வொரு வேகத்தில தள்ளும். ஒரு சூடு மேல போகும், ஒண்டு கீழ போகும். நான் காத்தைக் குறை சொல்லிக்கொண்டு படுத்திருப்பன்."

பிறகு முனை வளைத்த ஒரு கம்பித் துண்டை எடுத்தாள். அதைக் கோதுக்குள் விட்டு, அடியிலிருந்து வாய்ப்பக்கமாக மெதுவாக இழுத்தாள். சிலவற்றில் அடிக்குக் கொஞ்சம் மேலே கம்பி ஒரு பள்ளத்தில் தட்டி நின்றது. என் கையைப் பிடித்து என்னையும் இழுத்துப்பார்க்கச் சொன்னாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் முறை தெரிந்தது, நகத்தில் ஒரு சின்னக் கீறல் தட்டுப்படுகிற அளவுக்கு. பல தடவை சுட்டுச் சுட்டுப் பித்தளை இழுபட்டு அந்த இடம் மெலிந்துபோயிருக்கிறது என்றாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அன்று பின்னேரம் முழுக்க இருந்து, அந்த வாளியில் ஒரு சூப்புக் கோப்பையளவு மட்டும் எடுத்தாள். மிச்சம் பழைய இரும்புக் கடைக்குப் போனது. எனக்குச் சரியான கோபம். வாளியின்மேலா அவள்மேலா என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் வாங்கியதெல்லாம் ஒரே இடத்துச் சரக்கு, வடக்கு ஐரோப்பாவில் செய்து நூறு நூறாகப் பெட்டியில் வருவது. விலையைக் கேட்டால் உங்களுக்கும் என்னைப் போலத்தான் இருக்கும். ஆனால் பெட்டி வந்த நாளில் அவள் அதைப் பார்க்கிற விதத்தைப் பார்க்கவேண்டும். அரிசி மூட்டைக்கும் பெரிய ஃபிரீசருக்கும் நடுவில் அவளுடைய மேசை. விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோதின் வாயையும் விரல் நுனியால் ஒரு சுற்றுச் சுற்றுவாள். பிறகு விளக்கைப் பார்த்துத் தூக்கி, அடியில் இருக்கிற நெருப்புத் துளை வட்டமாக இருக்கிறதா, ஓரத்தில் பிசிர் நிற்கிறதா என்று பார்ப்பாள். மலிவான கோதில் அந்தத் துளையை அடித்துக் குத்துவார்களாம், பிசிர் நிற்கும். இவர்கள் துளைத்து எடுக்கிறார்கள். அந்த வித்தியாசத்தைச் சொல்லும்போது அவள் குரலில், பக்கத்து வீட்டுப் பிள்ளை டொக்டருக்குப் படிக்கிறது என்று சொல்கிறவர்களின் மரியாதை இருக்கும்.

கழுத்துப் பக்கத்தில் நீலமும் தவிட்டு நிறமுமாக ஒரு கறை தெரியும். முதல் தடவை கண்டபோது, இந்த விலைக்கு மினுக்கிக்கூடத் தரவில்லையே என்று நான் கத்தினேன். அது சூடு காட்டிய அடையாளம் என்றாள். கழுத்து இளக்கமாக இருந்தால்தான் சன்னத்தை ஒரேமாதிரிப் பிடிக்கும், அதற்காகக் கழுத்தை மட்டும் காய்ச்சுகிறார்கள். அடி கெட்டியாகவே இருக்கவேண்டும். மினுக்கினால் கறை போய்விடும், காய்ச்சினார்களா இல்லையா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் அப்படியே விடுகிறார்கள். தன் வேலையை மறைக்காத தொழிற்சாலை என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு தராசு. நல்ல சரக்கிலும் அவள் ஒவ்வொன்றாக நிறுப்பாள். நிறை ஒத்துப்போகிறவை போட்டிக்கு, கொஞ்சம் விலகினவை பழகுவதற்கு. எல்லாவற்றிலும் விலகின ஒன்றிரண்டு, காலையில் குழலைச் சூடாக்கும் முதல் வெடிக்கு. அவற்றுக்கு அவள் வைத்த பெயர் 'விருந்தாளி'. வந்துவிட்டுப் போகலாம், கணக்கில் சேராது. நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறவன். மோர்னிங்சைட் பகுதிப் பிள்ளைகள் நாற்பது பேரை ஒரே கூச்சலில் ஏற்றி இறக்குவதுதான் என் நுட்பம். ஆனாலும் அவள் அந்த மேசையில் இருக்கும்போது எதிரில் ஒரு கதிரையைப் போட்டு, தேத்தண்ணியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மனிசர் ஒரு பொருளை இவ்வளவு நேர்மையாகப் பார்க்கலாம் என்பது எனக்கு அந்த மேசையில்தான் தெரியவந்தது. அவளைக் கட்டினதற்கு நான் பெருமைப்பட்ட நாட்களில் பாதி அந்த நிலக்கீழ் அறையில் நடந்தவை.

போன வருடம் அவளுடைய ஐம்பத்தைந்தாவது பிறந்தநாள் வந்தது. ஒரு பெட்டி கோது வாங்கிக்கொடுக்க முடிவு செய்தேன். அதுவும் அவள் மேசையில் இருந்த பெட்டியோடு ஒரே தொகுதி இலக்கம் உள்ளது. ஒரே நாளில் ஒரே பித்தளையில் செய்தவை என்றால் ஒன்றுக்கொன்று நன்றாக ஒத்துப்போகும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அந்த இலக்கத்துக்காக ஐந்து கடைகளுக்கு ரெலிபோன் எடுத்தேன். கிடைத்தபோது பஸ்ஸுக்குள் தனியே இருந்து கைதட்டினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பொதி சுற்றும்போதுதான் எனக்குள் ஒன்று உறுத்தியது. பெட்டியில் நூறு. எங்கள் ஆட்கள் யாருக்காவது நூறு கொடுத்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கலியாண வீட்டு என்வலப்பில் நூற்றியொன்று வைப்போம், ஐந்நூற்றியொன்று வைப்போம். பூச்சியத்தில் முடிகிற பரிசைக் கொடுத்தால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு பயம். நான் கோயிலுக்கு வருடத்துக்கு ஒரு தடவை போகிற ஆள். ஆனால் நூறு என்ற எண்ணைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

மத்தியானம், பஸ் ஓடாத நேரம். அவள் வேலையில். மேசைக்குக் கீழே ஒரு பால்மா ரின் இருந்தது, அவள் தள்ளின கோதுகளைப் போடுவது. அதற்குள்ளிருந்து அதே தொழிற்சாலையின் பழைய கோது ஒன்றை எடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. தள்ளுவதில் அவளுக்கு ஒரு வெறி என்பது அப்போதும் என் எண்ணம். உலோகம் மினுக்கும் பசை போட்டுத் தேய்த்து, பெட்டியில் குவிந்திருந்த நூறின் அடியில் அதைச் செருகினேன். நூற்றியொன்று. பிறந்தநாள் அன்று கேக் வெட்டும்போது இந்த விஷயத்தைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். ஆட்கள் வந்தார்கள், கொத்துரொட்டி வந்தது, கதை வந்தது, நான் மறந்துபோனேன்.

அவள் பெட்டியைத் திறந்து தொகுதி இலக்கத்தைப் பார்த்ததும் என்னை ஒருதரம் பார்த்தாள். ஆட்கள் எல்லாம் இருக்க என் கையைப் பிடித்தாள். எங்கள் குடும்பத்தில் அது பெரிய விஷயம்.

கோடை முடிகிற காலத்தில் கழகத்தில் ஒரு போட்டி. மாகாணப் போட்டிக்குப் போகும் அணியில் நான்கு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள், நாலாவது இடம் அன்றைய புள்ளியில் தீர்மானமாகும். இரண்டு வருடமாக என் மனைவி அந்த அணியில் மேலதிக ஆள். மேலதிக ஆள் என்றால் மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக்கொடுப்பவர். மூன்றாம் வருடமும் அதையே செய்ய அவளுக்கு விருப்பமில்லை. இந்த இடம் வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அந்த வருடம்தான். எதையும் வேண்டும் என்று இலேசில் சொல்கிறவள் இல்லை.

அன்று காலை காரில், "இண்டைக்கு முழுக்க உங்கட பெட்டிதான்" என்றாள். எனக்குத் தலை கூரையில் இடித்தது.

போட்டி தொடங்கமுன் களத்துக்குப் பொறுப்பான அதிகாரி விதிகளை வாசித்தார். ஆபத்து என்று கண்டால் யாரும், பார்க்க வந்தவர்கூட, நிறுத்தச் சொல்லிக் கத்தலாம் என்றார். பிறகு அவள் போய்ப் பாயில் படுத்தாள். இருபது சூடு. நான் பின்னால் கூடாரத்துக்குக் கீழே, நாங்கள் பொரித்துக் கொண்டுபோன றோல்ஸ் தட்டோடு இருந்தேன். பக்கத்தில் கழகத்து ஆள் ஒருவர், ஓய்வு பெற்ற தச்சர், இரண்டாவது றோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கார்த் திறப்புக் கொத்தில் ஒரு கோது தொங்கியது. அடிக்குக் கொஞ்சம் மேலே சுற்றிவர வெடித்திருந்தது.

என்ன இது என்று கேட்டேன். தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு சின்ன வடு. தேய்ந்த கோதை ஒரு தடவை கூடுதலாகப் பாவித்ததாகச் சொன்னார். அது உள்ளே உடைந்து, நெருப்புக் காற்று பின்னால் முகத்துக்கு வந்ததாம். கண்ணாடி போட்டிருந்தபடியால் கண் தப்பியது.

"ஏன் அதை எறியவில்லை?" என்று கேட்டேன்.

"பார்க்க நன்றாகத்தான் இருந்தது" என்றார்.

பால்மா ரின்னில் இருந்த கோதை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தது, அதே சொல்லை எனக்குள் சொன்னது, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. முழுக்க உங்கட பெட்டிதான். அவள் பதினாலு சூடு முடித்திருந்தாள். எல்லாம் நடுவில். புள்ளிப் பலகையில் அவள் பெயர் நாலாவதாக நின்றது. கன்னம் துவக்கின் கட்டையில் பதிந்திருந்தது. அவள் எல்லாவற்றையும் சோதிக்கிறவள் என்று மூளையின் ஒரு மூலை சொன்னது. ஒருவேளை மினுக்கினதில் தவறவிட்டிருந்தால் என்று மற்ற மூலை கேட்டது. வாயைத் திறந்தால் அவளுடைய இடம் போகும். திறக்காவிட்டால் என்ன போகும் என்று நினைக்கவே முடியவில்லை.

"நிப்பாட்டுங்கோ" என்று கத்தினேன். "ஐயோ நிப்பாட்டுங்கோ."

தமிழில்தான் கத்தினேன். வெடிச் சத்தத்தை அடைத்துப் பேச்சுக் குரலை உள்ளே விடுகிற காதுக் கவசம் அவர்கள் எல்லோரும் போட்டிருந்தார்கள். அந்த வரிசையில் படுத்திருந்த பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் விளங்கியது. அவள் விரல் விசையை விட்டு வெளியே வந்ததைக் கண்டேன். பிறகுதான் எனக்கு ஆங்கிலம் வந்தது. அதிகாரி களத்தை நிறுத்தினார். எல்லோரும் துவக்கைத் திறந்து, ரவையை எடுத்து வைத்துவிட்டு எழும்பினார்கள். விலகலாம் என்று அவர் சொன்ன அடுத்த நொடி அவள் என்னை நோக்கி வந்தாள். ஓட்டமும் நடையுமாக வந்து என் நெஞ்சில் கையை வைத்தாள். தள்ளப்போகிறாள் என்று நினைத்தேன்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். நூறு, நூற்றியொன்று, ரின், பசை.

அவள் கையை எடுத்தாள். நன்றாக மூச்சு விட்டாள். "அதைப் பெட்டி பிரிச்ச அடுத்த நாளே எடுத்துப்போட்டன்."

"எடுத்துப்போட்டீரோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நூறு வரவேண்டிய பெட்டியில நூத்தியொண்டு இருந்தா, வைச்சது ஆர், ஏன் வைச்சது எண்டு எனக்குத் தெரியாதோ? ஆசையா வைச்சிருக்கிறியள். அதைப்போய்ப் பிழை எண்டு சொல்லவோ?"

அதிகாரி என்ன நடந்தது என்று கேட்டார். சந்தேகம் வந்தது, நிறுத்தினேன், தீர்ந்துவிட்டது என்றேன். அவர் என்னைக் கடியவில்லை, சரியாகத்தான் செய்தாய் என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டு கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. அவள் போய்த் திரும்பவும் படுத்தாள். மிச்சம் ஆறு சூடு. முதலாவது நடுவைவிட்டு இடப்பக்கம் விலகியது. இரண்டாவது இன்னும் விலகியது. கடைசி இரண்டும் நல்லவை. ஒரு புள்ளி வித்தியாசத்தில் நாலாவது இடம் வேறு ஒருவருக்குப் போனது. அவள் அவரிடம் போய்க் கை கொடுத்தாள். தட்டில் மிஞ்சியிருந்த றோல்ஸை அவருக்கே கொடுத்தாள்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன்.

"மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். "நீர் அதைக் கண்டுபிடிச்சிருப்பீர் எண்டு நான் நம்பியிருக்கவேணும். நம்பியிருந்தா இப்ப நீர் அணியில."

"ஓம், நம்பியிருக்கவேணும்" என்றாள். அவளுக்குக் கோபம் இருந்தது, மறைக்கவும் இல்லை. "அந்த இடம் எனக்கு வேணுமாத்தான் இருந்தது."

"காத்தும் மாறிப்போச்சு" என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

"காத்து மாறேல்லை." அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கோதிலயும் ஒரு பிழை இல்லை. நீங்கள் அப்பிடிக் கத்தி நான் ஒருநாளும் கேக்கேல்லை. உங்களுக்கு நெஞ்சுக்க ஏதோ செய்யுது எண்டுதான் நினைச்சன். வந்து கை வைச்சுப் பாத்தாப் பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அதுக்குப் பிறகு போய்ப் படுத்தா, வட்டம் தெரியேல்லையப்பா. உங்கட முகம்தான் தெரிஞ்சது."

எனக்குப் பாதை சரியாகத் தெரியவில்லை. அடுத்த வெளிவாசலில் இறக்கி, ஒரு பெற்றோல் நிலையத்தின் ஓரத்தில் காரை நிறுத்தினேன். அவள் இறங்கி என் பக்கம் வந்து கதவைத் திறந்தாள். மிச்சத் தூரம் முழுக்க அவள்தான் ஓட்டினாள்.